காலண்டர் தாளில் இரண்டு புள்ளி

ஜூலை 9, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரவில்லை. இவர் டூட்டிக்குப் போகும் அவசரத்திலும் பக்கத்து வீட்டு மோட்டாரில் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் போனார். ஈரோடு–சத்தியமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவருக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது.

வாட்ச்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே ஒரு போட்டோ வந்தது. பழைய ஸ்டேக்கிங் செட், மரப்பெட்டியோடு, விற்பனைக்கு. பார்த்துக்கொண்டே நின்றதில் தோசை ஒன்று கல்லோடு ஒட்டிப்போனது.

வாட்சுக்குள் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கிற சக்கரத்தின் நடுவில் ஒரு அச்சு உண்டு. பேலன்ஸ் ஸ்டாஃப். அதன் நுனி தலைமுடி கனம்தான் இருக்கும். வாட்ச் கைதவறி விழுந்தால் முதலில் உடைவது அதுதான். உடைந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துத் தட்டி இறுக்க இந்த செட் இருந்தே ஆகவேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சாவி கொடுக்கிற பழைய வாட்ச்களைச் சேர்க்கிறவர்கள் கூரியரில் எனக்கு வேலை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டாஃப் உடைந்தது வந்தால் மட்டும் நான் கோயம்புத்தூருக்கு அனுப்பி மாட்டி வாங்குகிறேன். வேலை அவர்களுடையது, பெயர் மட்டும் என்னுடையது. அது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

போட்டோவில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். கோபிசெட்டிபாளையம். பாவாயம்மாள் என்ற அம்மா எடுத்தார். வீட்டுக்காரர் நாச்சிமுத்து வாட்ச் கடை வைத்திருந்தாராம். இப்போது தொழில் பார்ப்பதில்லையாம். மகன் திருப்பூரிலிருந்து போட்டோ போட்டிருக்கிறான். புதன்கிழமை வருகிறேன் என்றேன்.

ஜூலை 12, புதன்

வாங்கியாகிவிட்டது. பெட்டி இப்போது கட்டிலுக்கடியில் இருக்கிறது. சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

காலையில் கிளம்பும்போது இவர் எனக்குப் பாடம் எடுத்தார். பழைய சாமான் வாங்கப் போகிறவள் முகத்தில் சிரிப்பே இருக்கக்கூடாது, எடுத்த எடுப்பில் ஒரு குறை சொல்லிவிட வேண்டும் என்றார். இவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். குறை சொல்லாமல் வாங்கினால் விற்றவனே நம்மை ஏமாளி என்று நினைப்பான்.

வீடு கடைவீதிக்குப் பின்னால். முன்னறையில் மேசைமேல் பெட்டியை எடுத்து வைத்திருந்தார் பாவாயம்மாள். காப்பி கொடுத்தார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நானே முடிவு செய்திருந்தேன். அதனால் அவரைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை.

பெட்டியில் வரிசையாக நிற்கும் பஞ்ச்கள், அதாவது வைத்துத் தட்டுகிற சின்ன இரும்புக் குச்சிகள், ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் முனையைப் பார்த்தேன். மேசைக் கண்ணாடிமேல் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்த்தேன். துரு இல்லை. சுத்தியல் பட்டுத் தலை நசுங்கியது ஒன்றுகூட இல்லை. ஒரு பஞ்ச் தொலைந்திருக்கிறது, அதற்குப் பதிலாக சைக்கிள் கம்பியில் அவரே ஒன்று ராவிச் செய்து வைத்திருக்கிறார். அசலைவிட அதுதான் அழகாக இருந்தது. ஸ்டேப்ளர் பின்னை அருகில் கொண்டுபோனேன், எதிலும் காந்தம் ஏறியிருக்கவில்லை.

குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியாகத் தட்டு. செட்டின் அடியில் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதன் விளிம்பைச் சுற்றிப் பெரிதும் சிறிதுமாக ஓட்டைகள் இருக்கும். வேண்டிய ஓட்டையைத் திருப்பி வைத்து, கூம்பு முனையுள்ள சென்டர் பஞ்சை மேலிருந்து இறக்கினால் அது ஓட்டைக்குள் உட்கார்ந்து தட்டை நேராக்கும். பிறகு பின்னாலிருக்கும் திருகை இறுக்கிவிட வேண்டும். செட் நேராக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஓட்டையில் ஒரு ஊசியை மேல்நோக்கி நட்டு, மேலிருந்து இன்னொரு ஊசியை இறக்கி, நடுவில் மெல்லிய தாள் வைத்து அழுத்தினால் போதும். நேராக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் குத்தும், தாளில் ஒரு புள்ளிதான் விழும். இல்லாவிட்டால் இரண்டு புள்ளி.

பாவாயம்மாளிடம் தாள் கேட்டேன். சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழித்துக் கொடுத்தார். திருகை இறுக்கினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கொஞ்சம் அவசரமாகத்தான் இறுக்கினேன். தாளை வைத்து அழுத்தினேன். இரண்டு புள்ளி.

"பாருங்கம்மா, ரெண்டு புள்ளி விழுது. செட்டு நேரா இல்லீங்க," என்றேன்.

அந்த அம்மாவுக்கு என்ன புரியும்? தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். நாச்சிமுத்து. சர்க்கரையில் ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் நிழல்தான் தெரிகிறதாம். கை நடுங்குகிறது. அந்தத் தாளை வாங்கி, பின்பக்கம் விரலால் தடவினார். தடவத் தடவ அவர் முகம் மாறியது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க வாய் வரவில்லை. மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"எப்ப இருந்துங்க அம்மிணி இப்படி இருந்திருக்கும்?"

அது சொல்ல முடியாதுங்கய்யா, பழைய செட்டு, தேய்ந்திருக்கும் என்றேன்.

அதற்குமேல் பேரமே பேசவில்லை. கெட்டது என்று தெரிந்தபிறகு முழு விலை வாங்கக்கூடாது என்று அவரே கால்வாசியைக் குறைத்தார். பாவாயம்மாள் பெட்டிக்குப் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார், பஸ்ஸில் ஆடாமல் இருக்கட்டும் என்று. நான் படியிறங்கும்போது பெரியவர் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஜூலை 13, வியாழன்

தட்டைக் கழற்றி பெட்ரோலில் கழுவி மாட்டினேன். சென்டர் பஞ்சை இறக்கித் திருகை இறுக்கி, நம் வீட்டுக் காலண்டர் தாளை வைத்து அழுத்தினேன். ஒரு புள்ளி. ஓட்டை மாற்றி ஓட்டை பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே புள்ளி.

தட்டுக்கடியில் ஏதாவது தூசி இருந்திருக்கும். கழுவியதில் போயிருக்கும்.

(கழுவும்போது தூசி எதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.)

இவர் சாப்பிடும்போது செட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, என் பொண்டாட்டி பேரத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள் என்றார். பஸ்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லப்போகிறாராம். வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டார். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

ஜூலை 15, சனி

பெங்களூர் வாட்சுக்கு ஸ்டாஃப் மாட்டினேன், நானே, என் மேசையில். சக்கரம் கோணாமல் சுற்றுகிறது. இவ்வளவு நல்ல செட்டை நான் தொட்டதே இல்லை.

ஜூலை 19, புதன்

ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை, து.பருப்பு மட்டும் வந்திருக்கிறது. மிக்ஸி ஜாரின் பிளேடு மாற்ற வேண்டும்.

மாலையில் கோபியிலிருந்து போன். பாவாயம்மாள் என்று நினைத்து எடுத்தேன், பெரியவர்தான் பேசினார். செட் எப்படி இருக்கிறது, உபயோகப்படுகிறதா என்று கேட்டார். குறையோடு ஒரு பொருளை என் தலையில் கட்டிவிட்டோமே என்று அவருக்குக் கவலையாம். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"எல்லா ஓட்டையும் வெலகியிருக்குதுங்களா, சிலதுதானுங்களா?"

இதில் எனக்கு ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. சொன்ன குறையில் பாதியையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சின்ன ஓட்டை இரண்டு மூன்றில் மட்டும்தான் ஐயா, பெரியதெல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்றேன். என் பெருந்தன்மையை எண்ணி எனக்கே கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.



"சின்னதுங்களா. அப்ப லேடீஸ் வாட்ச்செல்லாம்," என்றார். சரிங்க அம்மிணி என்று போனை வைத்துவிட்டார்.

லேடீஸ் வாட்ச் ஸ்டாஃப் எல்லாமே சின்ன ஓட்டையில் வைத்துத்தான் தட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தினமும் செய்கிற வேலை. அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. குக்கரில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 23, ஞாயிறு

இவர் இன்று வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். பஸ்ஸில் ஒரு டீச்சர் கோபிக்கு டிக்கெட் வாங்கினாராம். கையில் ஒரு வாட்ச் டப்பா. இவர் என் தொழிலைச் சொல்லிப் பெருமையடிக்கும் ஆள் அல்லவா, வாட்ச் ரிப்பேரா என்று கேட்டிருக்கிறார். ரிப்பேர் இல்லையாம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வாட்ச்தானாம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கோபியில் வாட்ச்காரர் ஒருவரிடம் சரிசெய்தது. அவர் இரண்டு நாளைக்கு முன்னால் தேடிப்பிடித்து போன் பண்ணி, நான் போட்ட ஸ்டாஃப் கோணலாக இருக்கும், கொண்டு வாருங்கள், காசில்லாமல் மாற்றித் தருகிறேன் என்றாராம். டீச்சர் மட்டும் இல்லை, ஊரில் பல பெண்களுக்கு அப்படிப் போன் போயிருக்கிறதாம்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசன்," என்று சொல்லி இவர் ஆச்சரியப்பட்டார். அந்த மனுசனிடம்தான் நான் செட் வாங்கினேன் என்பது இவருக்கு உறைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கண் தெரியாதவர். கை நடுங்குகிறவர். அந்தக் கையோடு லேடீஸ் வாட்சைத் திறக்கப்போகிறார்.

பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தேன். கண்ணை மூடினால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த கைதான் தெரிந்தது. தேங்காய் உடைக்காமலே திரும்பினேன்.

ஜூலை 26, புதன்

அந்த டீச்சர் இன்று என்னிடமே வந்துவிட்டார். பெயர் செண்பகம். இவர் பஸ்ஸில் என் கார்டைக் கொடுத்திருக்கிறார். வாட்ச் நின்றுவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் அதை லேசாக்கிக்கொள்ள எனக்குத் தெரியும்.

முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச். கோபிப் பெரியவர் ஸ்டாஃப் போட்டபிறகு ஒரு நாளும் நின்றதில்லை. பெரியவர் கூப்பிட்டாரே என்று மரியாதைக்காகக் கொண்டுபோனாராம். அவர் மேசைமேல் வரிசையாகப் பெண்களின் வாட்ச். இரண்டு லென்ஸை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தாராம். சக்கரத்தைத் தூக்கும்போது கை ஆடி, ஏதோ உடைந்துவிட்டது. அவர் டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"கண்ணு மங்குனது தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம தொழில் பார்த்தேன், அதனாலதான் செட்டு வெலகுனதுகூட எனக்குத் தெரியாம போச்சுன்னாருங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு," என்றார் டீச்சர்.

வாட்சைத் திறந்தேன். உடைந்த நுனி புதுசாகப் பளபளத்தது, இந்த இரண்டு மூன்று நாளில் உடைந்தது. ஸ்டாஃபை மட்டும் லென்ஸில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ அவர் தட்டி இறுக்கியது. சுற்றிலும் ஒரே சீராக இறுகியிருக்கிறது, ஒரு பக்கம் அதிகம் ஒரு பக்கம் குறைவு என்பது இல்லை. நான் செய்திருந்தால் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டிருப்பேன்.

புது ஸ்டாஃப் மாட்டிக் கொடுத்தேன். அவருடைய செட்டில்தான். டீச்சர் பர்ஸைத் திறந்தார். வேண்டாம் என்றேன். ஏங்க என்றார். பெரியவருக்குப் பதிலாக நான் செய்ததாக இருக்கட்டும் என்றேன். எவ்வளவு நல்லவங்க நீங்க என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

சரி, இனிமேல் மழுப்ப முடியாது. தட்டுக்கடியில் தூசி இல்லை. பஸ்ஸுக்கும் நேரமாகவில்லை, அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான். சென்டர் பஞ்ச் ஓட்டைக்குள் முழுசாக உட்காருவதற்கு முன்னால், விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திருகை இறுக்கினேன். அப்படி இறுக்கினால் தட்டு விலகித்தான் நிற்கும். அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று தெரிந்துதான் செய்தேன். உள்ளே அவர் படுத்திருப்பார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

ஜூலை 29, சனி

போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

இதைச் சொன்னால் என்ன ஆகும்? அவர் மகன் குழுவில் இருக்கிறான். ஒரு வரி போட்டால் போதும். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பொம்பளை. முதல் வருஷம் ஒருவரும் எனக்கு வாட்ச் அனுப்பவில்லை, சும்மா அறிவுரைதான் அனுப்பினார்கள். ஒவ்வொரு வாட்சாகச் சேர்த்த பெயர் இது. சாமான் பார்ப்பதிலேயே பொய் சொன்னவள் என்று ஆனால் யார் தன் வாட்சைக் கூரியரில் போட்டு என்னை நம்பி அனுப்புவார்?

அவர் மட்டும் பெயரைச் சும்மாவா சேர்த்தார் என்று உடனே தோன்றுகிறது.

ஆகஸ்ட் 3, வியாழன். ஆடிப் பெருக்கு

காவிரிக்கரைக்குப் போகவில்லை. எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் செய்து இவரிடம் கட்டிக் கொடுத்துவிட்டு, செட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கோபி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூட இருந்தது. பஸ் கிளம்பும்போது இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாவாயம்மாளே கூப்பிட்டார். சாப்பிடச் சொன்னால் பெரியவர் சாப்பிடுவதில்லையாம், இன்னும் மூன்று பேர் வாட்ச் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். இதுவரை திறந்ததில் பாதி நின்றுவிட்டதாம்.

"நீங்க ஒருக்கா வந்து, கெட்டது எது நல்லது எதுன்னு மட்டும் பொறுக்கிக் குடுத்தீங்கன்னா போதும் கண்ணு. நல்லதையும் இவரு தொட்டுத் தொட்டுக் கெடுத்துப்போடறாரு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. என்னைப் பற்றி எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

போனேன். காலையில் இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். எனக்குப் பேரப் பாடம் எடுத்ததெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ரொம்ப நேரம் ஷூ லேஸையே கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். அவ்வளவுதான்.

முன்னறை மேசையில் வாட்ச்கள். சின்னச் சின்ன டயல்கள், தங்கமுலாம் சங்கிலிகள். சிலது ஓடிக்கொண்டிருந்தன. சிலதின் முதுகு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார். அந்தக் காலண்டர் தாள், ஜூலை பதினொன்று, மேசைக் கண்ணாடிக்கடியில் இருந்தது.

செட்டை அவர் முன்னால் வைத்து, ஐயா இது நேராகத்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை, நீங்கள் போட்ட ஸ்டாஃபில் எதுவும் கோணல் இல்லை, இனி எதையும் திறக்காதீர்கள் என்றேன். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்த வாக்கியம்.

அவர் சிரித்தார்.

"பாவாயி சொல்லி வந்தீங்களா? ஆறுதல் சொல்றீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு."

இது நான் நினைத்துப் பார்க்காதது. என்னிடம் உண்மை இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அவர் வாங்கவில்லை. அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை, என் பிசகு என்றேன். அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க அம்மிணி. ஒவ்வொரு பஞ்சையும் கண்ணாடி மேல உருட்டிப் பார்த்தீங்க. உள்ள படுத்துட்டு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுட்டு இருந்தேன். நம்ம செட்டு நல்ல கைக்குத்தான் போகுதுன்னு நினைச்சேன். அப்படிப் பார்க்கறவங்க தட்டுல பிசகு பண்ண மாட்டாங்க."

"பிசகு பண்ணலீங்கய்யா," என்றேன். "தெரிஞ்சேதான் பண்ணினேன். வெலையைக் கொறைக்கறதுக்கு."

பாவாயம்மாள் கதவருகே நின்றிருந்தார். மேசையில் ஓடிக்கொண்டிருந்த வாட்ச்களின் சத்தம் மட்டும்தான்.

எப்படி என்று பெரியவர் கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை, தொழில்காரன் தொழில்காரனைக் கேட்கிற கேள்வி அது. அவருடைய வலது கை விரலை எடுத்து சென்டர் பஞ்சின் தலையில் வைத்தேன். நடுங்கியது, என் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அன்று செய்த மாதிரியே லேசாகத் தூக்கித் திருகை இறுக்கினேன். பிறகு திருகைத் தளர்த்தி, கையை விட்டேன். பஞ்ச் சின்னதாக 'டக்'கென்று உள்ளே இறங்கி உட்கார்ந்தது. அவர் விரலும் அதோடு இறங்கியது.

"ஆமா. ஒக்காரல," என்றார் மெதுவாக. "அன்னிக்கு ஒக்காரல."

முழுசாக உட்கார்ந்தபிறகு இறுக்கி, இன்றைய தேதியைக் கிழித்து வைத்து அழுத்தினேன். தாளை அவரே எடுத்துக்கொண்டார். பின்பக்கம் தடவினார். சுற்றிச் சுற்றித் தடவினார், இன்னொன்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. ஒன்றுதான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் சொட்டியது, அதை அவர் துடைக்கவில்லை. நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது?

பாவாயம்மாள்தான் பேசினார்.

"கொறச்சுக் குடுங்கன்னு வாயத் தொறந்து கேட்டிருந்தாலே குடுத்திருப்பமே கண்ணு."

குறைத்த பணத்தை மேசைமேல் வைத்தேன். செட்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது எனக்கெதுக்கு என்று பெரியவர் தள்ளிவிட்டார். நின்றுபோன வாட்ச்களை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன், அவருடைய மேசையில், அவருடைய செட்டில்.

நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் பாவாயம்மாளிடம் நம்பர் போடச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரிடமும் ஒரே பேச்சு.

"உங்க வாட்ச்சுல கோளாறு ஒண்ணுமில்லீங்க. செட்டு நல்லாத்தான் இருக்குது. நாந்தான் வயசான காலத்துல தப்பாப் பார்த்துட்டனுங்க. வந்து வாங்கிட்டுப் போங்க."

இரண்டு பேருக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. ஐயா, என் பேரைச் சொல்லுங்கள், ஏன் உங்கள்மேல் போட்டுக்கொள்கிறீர்கள் என்றேன். போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண் என்மேல் இல்லை, கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்தது.

"உங்களுக்கு இன்னும் தொழில் இருக்குதுங்களே அம்மிணி," என்றார். அடுத்த நம்பரைப் போடச் சொன்னார்.

மாலை வரை உட்கார்ந்து முடிந்ததை முடித்தேன். ஸ்டாஃப் கிடைக்காத இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கிளம்பும்போது போய்வருகிறேன் என்றேன். அவர் சரிங்க என்றார். அம்மா உள்ளே இருந்தார். இந்தத் தடவை காப்பி கொடுக்கவில்லை, அதில் எனக்கு ஒருவிதத்தில் ஆறுதல்தான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மிக்ஸி பிளேடு மாற்றியாகிவிட்டது. பெங்களூர்க்காரர் வாட்ச் வந்து சேர்ந்தது என்று குழுவில் என்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கீழே பலர் கைதட்டுகிற படம் போட்டிருக்கிறார்கள்.

மதியம் செண்பகம் டீச்சர் கூப்பிட்டார். கோபிப் பெரியவர் மறுபடி போன் செய்தாராம். முதலில் கோளாறு என்றார், இப்போது கோளாறே இல்லை, நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்கிறார். டீச்சர் இரக்கப்பட்டார்.

"பாவம், வயசாயிருச்சு. என்ன பேசறோம்னே தெரியல போல. நல்லவேளை உங்ககிட்ட வந்தேன்."

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அந்த மனிதர் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிற இடம் அதுதான். தொழில் இருக்கிறதே என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

"இல்லீங்க டீச்சர். அவருக்கு ஒண்ணும் ஆகல. தப்பு என்னுது," என்றேன். செட் வாங்கியது, பஞ்சைத் தூக்கிப் பிடித்தது, போனில் சின்ன ஓட்டை என்று புளுகியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாட்ச் நிற்பதற்குக் காரணம் நான் என்பதையும் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள், அவர் பெயர் கெடக்கூடாது என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"அப்ப எனக்கு நீங்க போட்டுக் குடுத்தது? அதுவாச்சும் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

சரியாகத்தான் இருக்கிறது, ஒரு நாள் கொண்டு வாருங்கள், திறந்து காட்டுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.